மானுக்குப் பின்னால் ஒரு மனிதர்

‘பாம்பி’ என்ற கார்ட்டூன் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பெயரைக் கேட்டுப் பாம்புக் கதை என்று நினைத்துவிட வேண்டாம்; அது ஒரு மான்குட்டியின் கதை. 1942-இல் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவிலிருந்து வெளிவந்தது. வேட்டைக்காரன் குண்டுக்குத் தாயைப் பறிகொடுத்த குட்டி, கொட்டும் பனியில் அம்மாவைத் தேடி அலையும் கட்டத்தில் கண் கலங்காத குழந்தை உண்டா? குழந்தை என்ன, பேரன் பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கும் தாத்தாக்களே துண்டைத் தேடுகிறார்கள்.

அந்த மான்குட்டியின் பெயர் உலகத்துக்கே தெரியும். டிஸ்னியின் பெயரும் தெரியும். ஆனால் அந்த மான் ஓடி விளையாடிய காடு, அந்தப் பனிமூட்டம், அந்தப் பச்சை, அந்தத் தீ, இவற்றுக்கெல்லாம் சாயல் கொடுத்தவர் யார்? அவர் பெயர் டைரஸ் வோங். சீனாவில் பிறந்து, பொய்ப் பெயரில் அமெரிக்காவில் கரையேறி, 106 வயது வரை வாழ்ந்த ஓவியர்.

மலர்க் குழுத் தம்பி கட்டுரை கேட்டு வந்தபோது, “சார், நம்ம கல்லூரி நாட்களைப் பத்தி ஏதாவது எழுதுங்க” என்றுதான் கேட்டார். விடுதிச் சாப்பாடு பற்றியும், சிதம்பரம் – கடலூர் பாசஞ்சர் ரயிலில் சீட்டுப் பிடித்த வீரதீரங்கள் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய நண்பர்கள் இந்த மலரில் இருக்கிறார்கள். நான் படித்தது வேதியியல், பிழைத்தது வங்கியில். ஆனால் ஓவியர்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பழைய மாணவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது; இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இன்னும் அதிகமாக இருக்கிறது.

படுதா என்னும் கலை

முதலில் பின்னணி ஓவியம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நமது பழைய தென்னாற்காடு மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கூத்தில் பின்னணிப் படம் கிடையாது. இரண்டு பேர் பிடித்து நிற்கும் ஒரு திரை, அதற்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் வருவார். அரண்மனையா காடா என்பதைப் பாட்டு சொல்லிவிடும். நாடகக் கம்பெனிகள் வந்த பிறகுதான் ஊர் ஊராகப் படுதா வந்தது. தர்பார் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா. நவாப் ராஜமாணிக்கம் நாடகங்களின் காட்சி ஜோடனைகளைப் பற்றிப் பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசக் கேட்டவர்கள் நம்மில் உண்டு.

எங்கள் காலத்தில் கல்லூரி ஆண்டு விழா நாடகத்துக்குப் படுதா எழுத, கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒரு பெயிண்டர் அண்ணன் வருவார். காடாத் துணியை விரித்துக் கட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி, பவுடர் கலரைக் குழைத்து அவர் வேலை செய்யும்போது டப்பா பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. ஒரு தடவை, காட்டுப் படுதாவில் நடுப்பகுதியை மட்டும் ஏன் வெறுமனே வெளிறவிடுகிறார் என்று கேட்டேன். “அங்கதான தம்பி ஆளு வந்து நிப்பாரு? முன்னாடி நிக்கிற ஆளை நான் முழுங்கிடக் கூடாது” என்றார். பின்னணிக் கலை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடு படிக்கப் படிக்கப் புரிந்தது.

கார்ட்டூன் படத்திலும் அதே கதைதான். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. அந்தக் காலத்தில் அசையும் பாத்திரங்களை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாயிடு தாள்களில் ஒவ்வொன்றாக வரைந்து, வண்ணம் தீட்டி, அசையாத ஒரே பின்னணி ஓவியத்தின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடிப்பார்கள். ஆக, பாத்திரத்துக்கு ஆயிரம் படம் தேவைப்படும். பின்னணிக்கு ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றின் மேல்தான் ஆயிரமும் நிற்க வேண்டும். இதுதான் பின்னணி ஓவியர் சுமக்கும் பாரம்.

காகித மகன்

வோங் 1910 அக்டோபர் 25 அன்று, தென்சீனத்தில் குவாங்டாங் மாகாணத்தின் தைஷான் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் வோங் கென் யோ. குடும்பம் வறுமையில் இருந்தது. 1920-இல், பத்து வயதுச் சிறுவனை அழைத்துக்கொண்டு அப்பா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அம்மாவும் சகோதரியும் ஊரிலேயே தங்கினார்கள். அந்தப் பிள்ளை அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை.

அந்தக் காலத்தில் சீனர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவது லேசான காரியமல்ல. 1882-இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களைக் கரையிறங்க விடாமல் தடுத்தது. 1943 வரை அந்தச் சட்டம் அமலில் இருந்தது. இதற்கு நடுவே 1906-இல் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய பூகம்பம் வந்து, தீப்பிடித்து, அரசாங்கப் பதிவேடுகள் எரிந்து போயின. “நான் இங்கேயே பிறந்தவன், பதிவு எரிந்துவிட்டது” என்று சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் தங்களுக்குச் சீனாவில் பிள்ளைகள் இருப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்குக் ‘காகித மகன்கள்’ என்று பெயர். காகிதத்தில் மட்டும் மகன்!

வோங்கும் அப்படித்தான் வந்தார். காகிதத்தில் அவர் பெயர் லுக் டாய் யாவ். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஒரு தீவு. பெயர்தான் தேவதைத் தீவு. உள்ளே இருந்தது குடியேற்றக் காவல் கொட்டடி. ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து சென்றவர் என்பதால் அப்பாவை விட்டுவிட்டார்கள். பையனைத் தனியாகப் பிடித்து வைத்தார்கள். அங்கே நடந்த விசாரணைகள் பொல்லாதவை. உன் கிராமத்தில் எத்தனை வீடு, கிணறு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேள்விமேல் கேள்வி. காகித மகன்கள் இதற்கான பதில்களை ஊரிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஒரு பதில் பிசகினாலும் திரும்பக் கப்பல் ஏற வேண்டியதுதான். நாம் பரீட்சைக்கு உருப் போட்டதெல்லாம் ஒரு கஷ்டமா, சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை, அப்பா அம்மா பெயரை மறந்து வேறு பெயரை உருப் போட்டுத் தேறி வெளியே வந்தான்.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் ‘டாய் யாவ்’ என்பதை ‘டைரஸ்’ ஆக்கினார். இப்படி அம்மா வைத்த பெயர் ஒன்று, அரசாங்கத்துக்குச் சொன்ன பெயர் ஒன்று, வாத்தியார் வைத்த பெயர் ஒன்று. மூன்றையும் சுமந்துகொண்டு வளர்ந்தார் மனிதர்.

தண்ணீரில் எழுதிய பாடம்

அப்பாவுக்குத் தன் பிள்ளை சித்திரக்காரனாக வருவான் என்பதில் சந்தேகமே இல்லை. இரவு நேரங்களில் சீனத் தூரிகை எழுத்துப் பயிற்சி கொடுப்பார். மை வாங்கக் காசு கிடையாது. நல்ல தாளும் கிடையாது. பழைய செய்தித்தாளை விரித்து, தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து எழுத வேண்டும். எழுதியது காய்ந்து மறைவதற்குள் அடுத்த கோட்டைப் போட வேண்டும். அழித்துத் திருத்தவெல்லாம் வழியில்லை. குறைந்த கோட்டில் நிறையச் சொல்வது என்ற அவருடைய பாணிக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நான் கருதுகிறேன்.

பள்ளியில் அவருடைய கைவண்ணத்தைக் கண்ட ஆசிரியர்கள், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் ஓடிஸ் கலைக்கல்லூரியில் கோடைக்கால வகுப்புக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்தது; பையனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. தொடர்ந்து படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா 90 டாலர் கடன் வாங்கிக் கட்டினார். பிறகு உதவித்தொகை கிடைத்தது. அதே கல்லூரியில் துப்புரவு வேலையும் பார்த்துக்கொண்டு படித்தார். விளக்குமாற்றைப் பிடித்த கையால் தூரிகையையும் பிடித்தார் என்பது வெறும் அலங்காரப் பேச்சல்ல, நடந்த சங்கதி. விடுமுறையில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிய நம் கல்லூரித் தோழர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு நேரத்தில் நகர நூலகத்தில் சீனத்துச் சோங் அரச வம்ச காலத்து ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். கி.பி. 960 முதல் 1279 வரை ஆண்ட வம்சம் அது. ஏறக்குறைய நம் பிற்காலச் சோழர்களின் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓவியங்களில் மலை பெரிதாக இருக்கும், மனிதன் துளியாக இருப்பான். நடுவில் பனி. வரையாமல் விட்ட வெற்றிடத்துக்கும் அங்கே வேலை உண்டு. 1932-இல் சிகாகோ கலைக் கழகத்தில் நடந்த ஒரு கண்காட்சியில், பிக்காசோ, மத்தீஸ் ஆகியோரின் படைப்புகளோடு இந்த இளைஞரின் படைப்பும் இடம்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. அப்போது அவருக்கு வயது 21.

மானை விழுங்கிய காடு

1937-இல் திருமணம். குழந்தை பிறந்தது. கலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடக்காது அல்லவா? 1938-இல் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். கொடுத்த வேலை, ஏணியின் கடைசிப் படி. தலைமைச் சித்திரக்காரர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். இடையிலுள்ள படங்களை இவர் நிரப்ப வேண்டும். நாளெல்லாம் மிக்கி மவுஸ் கைகால் அசைவு. கண் பூத்துப் போகும் வேலை. போதாக்குறைக்கு, சீனன் என்று இழிவாகக் கூப்பிடும் வாய்களும் அங்கே இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோ ‘பாம்பி’யில் திணறிக்கொண்டிருந்தது. பெலிக்ஸ் சால்டன் எழுதி 1923-இல் வெளிவந்த நாவல் அது. மூலம் ஜெர்மன் மொழி. படத்துக்காக மெயின் மாநிலத்துக் காடுகளைப் புகைப்படம் எடுத்து வரச் செய்தார்கள். உயிருள்ள மான்குட்டிகள் இரண்டை ஸ்டுடியோவுக்கே வரவழைத்து, சித்திரக்காரர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். மான் தத்ரூபமாக வந்துவிட்டது. காட்டையும் அதே மாதிரி இலை இலையாக, கிளை கிளையாக வரைந்தார்கள். அங்கேதான் சிக்கல். இரண்டையும் சேர்த்து வைத்தால் மானைக் காணோம்! பழுப்பு மான், பழுப்புக் கிளை. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. கடலூர்ப் பெயிண்டர் அண்ணன் சொன்னாரே, அதேதான்: பின்னால் இருந்தது முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டது.

இந்தச் செய்தி வோங் காதுக்கு எட்டியது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே நாவலை வாங்கிப் படித்தார். வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்னதாகச் சில படங்கள் வரைந்தார். சோங் காலத்து ஓவியர்களின் வழியில், பனி சூழ்ந்த ஒரு வெளி, ஓரங்களில் கரைந்து போகும் மரங்கள், நடுவே ஒளி விழும் இடத்தில் சிறியதாக ஒரு மான். அவற்றைக் கலை இயக்குநர் டாம் காட்ரிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். படங்கள் வால்ட் டிஸ்னியின் பார்வைக்குப் போயின. அவருக்குப் பிடித்துப் போயிற்று. காடு என்பது மர்மமாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருஷம் வோங் நூற்றுக்கணக்கான படங்களை நீர்வண்ணத்திலும் பேஸ்டலிலும் வரைந்து தள்ளினார். இந்தக் கட்டத்தில் என்ன நிறம், எங்கே வெளிச்சம், எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று வழிகாட்டும் படங்கள் அவை. மற்றப் பின்னணி ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் கையைப் பழக்கிக்கொண்டார்கள். படத்தின் தொடக்கத்தில் நாம் காட்டுக்குள்ளே நுழைந்து போவது போல் ஒரு காட்சி வருமே, அது பல கண்ணாடித் தட்டுகளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்களை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் பிடித்தது. கருவி புதிது, ஆனால் அந்தப் பனியும் அமைதியும் செய்தித்தாளில் தண்ணீரால் எழுதிப் பழகிய கையிலிருந்து வந்தவை.

நம் ஊர்க் கண்ணால் பார்த்தால்

வோங்கின் பாணி என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். பெரிய விளக்கத்துக்குப் போக வேண்டாம். மார்கழி மாதம் விடியற்காலையில் கிள்ளை தாண்டிப் பிச்சாவரம் போய்ப் பாருங்கள். கழிமுகத்தில் பனி இறங்கியிருக்கும். அருகில் இருக்கும் அலையாத்தி மரத்தின் வேர் கருகருவென்று தெரியும். அடுத்த திட்டு சாம்பல். அதற்கடுத்தது சாம்பலில் சாம்பல். அதற்கப்பால் ஒன்றுமில்லை, ஆனால் அங்கேயும் காடு இருக்கிறது என்று நம் மனசுக்குத் தெரியும். ஒரு கொக்கு பறந்தால் கண் நேராக அதன்மேல் போய் உட்காரும். வோங் வரைந்தது அதைத்தான்.

இன்னொன்றும் சொல்வேன். சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சந்நிதி முன்மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிட்சாடனர் தாருகாவனம் வந்த கதையும், மாணிக்கவாசகர் வரலாறும் அங்கே உண்டு. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்க்க வேண்டியவை. அவற்றின் முறை வேறு: பட்டை பட்டையாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே தெளிவில் சொல்லிக்கொண்டே போகும். தூரம், பனி, நிழல் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. வோங் மறைத்துச் சொன்னார். நம் ஓவியர்கள் விரித்துச் சொன்னார்கள். இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றின் அழகும் புரியும். நம் மாணவர்கள் உள்ளூரிலேயே பாதிப் பாடத்தை இலவசமாகப் படிக்கலாம்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரிக்கிறது அல்லவா? நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருள். மனசில் நடப்பது உரிப்பொருள். நிலத்தைச் சொல்லியே மனசைச் சொல்லிவிடுவது நம் சங்கப் புலவர்களின் வித்தை. ‘பாம்பி’யில் தாய் இறக்கும் காட்சியை இந்தக் கண்ணால் பாருங்கள். தாய் விழுவதை நமக்குக் காட்டவே மாட்டார்கள். ஒரு வெடிச்சத்தம். பிறகு விழுந்துகொண்டே இருக்கும் பனி, நிறம் இழந்த மரங்கள், தடுமாறும் ஒரு குட்டி. துக்கத்தைப் பாத்திரத்தின் முகம் மட்டும் சொல்லவில்லை, முதற்பொருள் சொல்லிவிட்டது. வளர்ந்த மான் இன்னொரு மானோடு மோதும் இடத்தில் பச்சையே இருக்காது. இருட்டில் ஓரம் மட்டும் பளிச்சிடும். காடு எரியும்போது திரை முழுக்கச் சிவப்பு. காடு ஒன்றுதான், கதைக்குத் தக்கபடி அது மனம் மாறுகிறது. பின்னணியை வெறும் ஜோடனையாக இல்லாமல் உணர்ச்சியாக ஆக்கியதுதான் வோங்கின் சாதனை என்று துணிந்து சொல்வேன்.

வேலை போயிற்று, பெயரும் போயிற்று

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த கூலி என்ன? 1941 மே மாதம் டிஸ்னி ஸ்டுடியோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வோங் அதில் கலந்துகொள்ளவில்லை. போராட்டம் முடிந்த பிறகு நடந்த ஆள்குறைப்பில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் வெளிவந்தபோது அவர் அங்கே இல்லை. பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்கள் வரிசையில் பத்தோடு பதினொன்றாக அவர் பெயரும் ஓடியது. படத்தின் தோற்றம் முழுவதற்கும் வழிகாட்டியவர் என்ற குறிப்பு ஒரு வரிகூடக் கிடையாது.

யுத்த காலம், ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கிடந்தது. முதல் வெளியீட்டில் படம் நஷ்டம். பிறகு மறுவெளியீடுகளில்தான் புகழும் பணமும் சேர்ந்தன. 2011-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கும் பெருமையும் கிடைத்தது.

வோங் சோர்ந்து உட்காரவில்லை. 1942-இல் வார்னர் பிரதர்ஸில் சேர்ந்து 1968-இல் ஓய்வு பெறும்வரை உழைத்தார். படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகள் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் வேலை. ஜேம்ஸ் டீன் நடித்து 1955-இல் வந்த ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’, 1969-இல் வந்த ‘தி வைல்ட் பன்ச்’ போன்ற புகழ்பெற்ற படங்களிலும் அவர் கைவேலை உண்டு. நடுவில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் வரைந்தார். 1954-இல் வந்த ஓர் அட்டை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1946-இல்தான் அமெரிக்கக் குடியுரிமையே கிடைத்தது. காகித மகன் நிஜக் குடிமகன் ஆனார்.

நம் நாட்டுக்கு வந்த மான்

இது ஏதோ அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ‘பாம்பி’யில் வேலை செய்த சித்திரக்காரர்களில் கிளேர் வீக்ஸ் என்பவரும் ஒருவர். மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர். 1956-இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே 1957-இல் உருவான படம் ‘தி பேனியன் டீர்’. புத்த ஜாதகக் கதையில் வரும் மான்ராஜா கதை. பாருங்கள், ஹாலிவுட் காட்டிலிருந்து புறப்பட்டு வந்த கை, நம் நாட்டிலும் ஒரு மானைத்தான் முதலில் வரையக் கற்றுக்கொடுத்தது!

அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். 1931-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது எது தெரியுமா? வேதியியல்! நம்ம ஆளு. (வேதியியல் துறை நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) ஜப்பானியரான யூகோ சாகோ முன்னின்று எடுத்து 1992-இல் நிறைவடைந்த ராமாயணக் கார்ட்டூன் படத்தில் ராம் மோகனும் இயக்குநர்களில் ஒருவர். அந்தப் படம் 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 2014-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2019-இல் மறைந்தார்.

படுதா எழுதிய கைகளில் நம் தமிழ்நாட்டில் பெரும் பெயர் பெற்றவர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குக் காட்சிப் படுதா எழுதியவர். 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களோடு சேர்ந்து தெய்வப் படங்கள் வரைந்தார். சிவகாசியில் அச்சாகி, காலண்டராக அவை நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கே வந்துவிட்டன. 1976-இல் அவர் மறைந்தார். முருகன் படத்துக்குப் பின்னால் மலையும், மீனாட்சிக்குப் பின்னால் கோபுரமும் நிற்கும் விதத்தைப் பாருங்கள். படுதா எழுதிய அனுபவம் அங்கே பேசும். நாம் அந்தப் படங்களைக் கும்பிட்டோம். மூலையில் இருந்த கையெழுத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

பட்டம் விட்ட தாத்தா

ஓய்வு பெற்ற வோங்குக்குப் பட்டம் செய்வதில் மோகம் பிறந்தது. பறவை, பட்டாம்பூச்சி, மீன், நூறு அடி நீளப் பூரான் என்று தானே வடிவமைத்து, சான்டா மோனிகா கடற்கரையில் பறக்கவிடுவார். மூங்கிலும் துணியும் வண்ணமும் வானத்தில். ஒருவகையில் இதுவும் பின்னணி ஓவியம்தான். ஆனால் இந்தத் தடவை பின்னணியை வானம் பார்த்துக்கொண்டது, இவர் முன்னால் நின்றார்.

மெல்ல மெல்ல உலகமும் திரும்பிப் பார்த்தது. 2001-இல் டிஸ்னி நிறுவனம் தன் சாதனையாளர் வரிசையில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தது. வேலையை விட்டு அனுப்பி 60 வருஷம் கழித்து! 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் அவர் படைப்புகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. பத்து வயதில் அவரைக் கொட்டடியில் வைத்த அதே ஊர் விரிகுடாவின் கரையில்! 2015-இல் பமீலா டாம் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2016 டிசம்பர் 30 அன்று, 106-வது வயதில் வோங் காலமானார்.

அவருக்கு ஆயுசு கெட்டியாக இருந்ததால் தன் பெயர் வெளிச்சத்துக்கு வந்ததைத் தானே பார்த்தார். அறுபதிலேயே போயிருந்தால்? பாம்பிக் காட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பதற்கும் ஆள் இருந்திருக்காது. நியாயம் கிடைக்க ஒரு மனுஷன் நூறு வயசு வாழ வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு அல்ல. இதுதான் நான் சொல்ல வந்தது.

பின்னால் நிற்பவன் தன்னை மறைத்துக்கொள்வது கலை. அதில் பெருமை உண்டு. ஆனால் அவன் பெயரை நாம் மறைப்பது கலையல்ல. இரண்டும் வேறு வேறு. வோங் காட்டின் இலைகளை வரையாமல் விட்டார். அதனால் மான் தெரிந்தது. நாம் வோங்கை விட்டுவிட்டோம். அதனால் யாருக்கு என்ன லாபம்?

இன்றைய மாணவர்களுக்குத் தூரிகையும் காடாத் துணியும் தெரியாமல் இருக்கலாம். அனிமேஷன், கிராபிக்ஸ், விளையாட்டு மென்பொருள் என்று எங்கள் காலத்தில் கனவிலும் காணாத தொழில்கள் அவர்களுக்குக் காத்திருக்கின்றன. அங்கேயும் காடு வரைய ஆள் வேண்டும். இலை இலையாகப் போட இன்று இயந்திரமே போதும். எந்த இலையை விட வேண்டும் என்று சொல்லத்தான் மனுஷன் வேண்டும். அந்தக் கண் வர, பிச்சாவரத்துக்கும் சிவகாமி அம்மன் மண்டபத்துக்கும் ஒரு நடை போய்வருவது நல்ல தொடக்கம்.

மலர்க் குழுவினருக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சந்திப்பில் மாணவர்கள் நாடகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். படுதாவுக்குப் பதில் எல்.இ.டி. திரையாம், காட்சிகளை மாணவர்களே கணினியில் செய்கிறார்களாம். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அழைப்பிதழின் நகல் எனக்கும் வந்தது. நடிப்பவர்கள் பெயர், பாடுபவர்கள் பெயர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் இருக்கிறது. காட்சிகளை வரைகிற பிள்ளைகளின் பெயரைக் காணோம். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிக்கு இடமும் இருக்கிறது.